கணக்குக் கேட்டவருக்கு வசனம் பதிலாகுமா?

கொண்டலாம்பட்டிப் பக்கம் சிறு சபை ஒன்றை நடத்தும் இளம் ஊழியர் ஒருவர் நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கினால் விஷயம் இதுதான். கட்டட நிதி எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது என்று கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மூத்த விசுவாசி ஒருவர் அவரைத் தனியாகக் கேட்டார். இரண்டு முறை கேட்டும் பதில் வராததால் சபை வாட்ஸாப் குரூப்பிலேயே போட்டுவிட்டார். அக்கம்பக்கத்தார் ஸ்பீக்கர் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் இவர் நடத்தும் ஜெபக்கூட்டத்தில் வேறொரு தகராறு: சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பக்கத்து லயன் வீட்டார் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) கொண்டுவரும் பொங்கலை வாங்கிச் சாப்பிடலாமா கூடாதா என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது. இவருக்கு வழிகாட்டியாக இருக்கும் பெரிய ஊழியரோ, ‘அபிஷேகம் பண்ணப்பட்டவனைக் கேள்வி கேட்க எவனுக்கும் அதிகாரமில்லை. நீ வாயைத் திறக்காதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்கிறாராம். ‘நான் என்ன செய்யட்டும் ஐயா?’ என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நான் போதகன் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலத்தில் பழைய சபை ஒன்றில் நெடுநாள் கமிட்டியில் இருந்தவன், பொருளாளர் பொறுப்பும் பார்த்தவன். பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பில் சபை வரலாறு சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அதனால் என் பதிலில் கணக்கு வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெரியவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். மற்ற மூன்றும் அதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கின்றன. ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்’ என்று வருவது 105-ஆம் சங்கீதம், 15-ஆம் வசனம். அதற்கு முன்னால் உள்ள மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த முற்பிதாக்களைப் பற்றிய பேச்சு அது. அவர்களை ஒடுக்காதபடி ராஜாக்களைக் கடிந்துகொண்டு சொன்ன வார்த்தை. அதாவது அதிகாரம் உள்ளவனிடம், அதிகாரம் இல்லாதவனுக்காகச் சொன்னது. இன்று மைக் கையில் வைத்திருப்பவர், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அதே வசனத்தைச் சொல்கிறார். ஆள் தலைகீழாக மாறிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சங்கீதம் நினைவில் வைத்துப் பேசுகிற சம்பவங்களில் ஒன்று ஆதியாகமம் 20-இல் இருக்கிறது. ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று சொல்லிவிட, அபிமெலேக்கு அவளை அழைப்பித்தான். தேவன் அவனைச் சொப்பனத்தில் எச்சரித்தார், ஆபிரகாமைத் தீர்க்கதரிசி என்றும் சொன்னார். விடிந்ததும் அபிமெலேக்கு என்ன செய்தான்? ஆபிரகாமைக் கூப்பிட்டு, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தீர் என்று முகத்துக்கு நேராகக் கேட்டான். கேட்டது புறஜாதி ராஜா, கேட்கப்பட்டது தீர்க்கதரிசி, நியாயம் இருந்தது ராஜா பக்கம். தேவன் ஆபிரகாமைக் காப்பாற்றினார், பொய்யைக் காப்பாற்றவில்லை.

தாவீதைச் சொல்வார்கள். தன்னைக் கொல்லத் துரத்திய ராஜா சவுல்மேல் அவன் கை வைக்கவில்லை, உண்மைதான். ஆனால் 1 சாமுவேல் 24-இல் ஒளிந்திருந்த குகையை விட்டு வெளியே வந்து, சவுலின் ஆட்கள் எல்லாரும் இருக்க, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைத் தூக்கிக் காட்டி, நீர் செய்வது அநியாயம் என்று உரக்கச் சொன்னவனும் அதே தாவீதுதான். தொடாமல் இருப்பது வேறு, கேட்காமல் இருப்பது வேறு. சாமுவேலோ கிழவரான பிறகு ஜனங்களைக் கூட்டிவைத்து, ‘நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?’ என்று தானே கேட்டார். அபிஷேகம் பெற்ற ராஜா முன்னாலேயே கேட்டார். யாரும் கேட்காதபோதே கணக்கு ஒப்புவித்த ஊழியக்காரர் அவர். உங்கள் பெரியவர் இந்த அதிகாரத்தையும் பிரசங்கித்தால் நன்றாக இருக்கும்.

சரி, இனி கட்டட நிதி.

கொலுசுப் பட்டறை அண்ணனைக் கொஞ்சம் அவர் இடத்திலிருந்து பாருங்கள். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, கொலுசை எடை போட்டு வாங்கி, சேதாரம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிப் பிழைக்கிறவர். கூலிக்காரரும் முதலாளியும் அந்த நோட்டை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள். கணக்குக் கேட்பது அவர் உலகத்தில் சந்தேகப்படுவது ஆகாது, தொழில் நடக்கிற விதமே அதுதான். அவர் உங்களிடம் தனியாகக் கேட்டார், மறுபடியும் கேட்டார், அப்புறம்தான் குரூப்பில் போட்டார். மத்தேயு 18 சொல்கிற வரிசையைக் கிட்டத்தட்ட அவர்தான் கடைப்பிடித்திருக்கிறார். ‘தனியாக வந்து சொல்லியிருக்கலாமே’ என்று இப்போது அவரைப் பற்றி வருத்தப்பட உங்களுக்கு இடமில்லை.

பணம் பற்றிய கேள்விக்குப் பணக்கணக்குத்தான் பதில். ஜெபமோ, கண்ணீரோ, ‘என் மனச்சாட்சி கர்த்தருக்குத் தெரியும்’ என்பதோ பதிலாகாது. பவுல் எருசலேம் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்த்தபோது, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட அனுப்பினார். ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று காரணத்தையும் எழுதிவைத்தார். 2 கொரிந்தியர் 8-இல் பாருங்கள். பவுலின் மனச்சாட்சியும் கர்த்தருக்குத் தெரிந்ததுதான். இருந்தும் அவர் ஆள் வைத்தார்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். சபைச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு உங்கள் மனைவியின் ஜிபே நம்பருக்குப் போகிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். டிரஸ்ட் கணக்கு தொடங்கத் தாமதமானதால் அப்படி வைத்தோம் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் தம்பி, அந்தத் தாளை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டு மளிகையும், பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும், சபையின் சிமெண்ட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நாளைக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டி வந்தால், நேர்மையாக இருந்தும் நிரூபிக்க முடியாமல் நிற்பீர்கள். வங்கியில் இருந்தபோது இதைப் பார்த்திருக்கிறேன். திருடியவர்கள் கதை ஒரு வகை. திருடாமலே திருடன் பெயர் வாங்கியவர்கள் கதை அதைவிடப் பாவம்.

டிரஸ்ட் பெயரில் கணக்கு, அதில் இரண்டு பேர் கையெழுத்து. கட்டட நிதிக்கு முடிந்தால் தனிக் கணக்கு. ஞாயிறு காணிக்கையை ஆராதனை முடிந்ததும் அங்கேயே, உங்கள் குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். திங்கட்கிழமை அப்படியே வங்கியில் கட்டுங்கள், நடுவில் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யாதீர்கள். செலவுக்குத் தனியாக எடுத்து வவுச்சர் போடுங்கள். கம்பி, எம் சாண்ட், கொத்தனார் கூலி எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். கொத்தனார் பில் தரமாட்டார், அவரிடம் ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கினால் போதும். வருடக் கடைசியில் ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கட்டடத்துக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். பதிவு இருந்தாலும் 2021 முதல் அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இதைச் சுற்றிவளைத்துச் செய்யச் சொல்லித்தர நிறையப் பேர் வருவார்கள், பக்கத்தில் விடாதீர்கள்.

எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, எடுத்துக் கட்டிய நெகேமியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. உங்கள் பெரியவரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். நம் ஊர்க் கன்வென்ஷன் மேடைகளில் ‘நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது’ என்ற வசனத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. கேள்வி கேட்டவனெல்லாம் அந்த வேலையை நிறுத்தப் பார்த்த எதிரி சன்பல்லாத்து, ஊழியக்காரர் நெகேமியா. ஆனால் அது ஆறாம் அதிகாரம். நாலாம் அதிகாரத்திலும் வெளியாட்களின் கேலிதான். இரண்டுக்கும் நடுவில் ஐந்தாம் அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் பிரசங்கிப்பதில்லை. அலங்கம் கட்டிக்கொண்டிருந்த சொந்த ஜனங்களே கூக்குரல் இட்டார்கள். சாப்பாட்டுக்கு நிலத்தை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுத்தோம், வாங்கியவர்கள் நம் சகோதரர்களே என்று அழுதார்கள். அப்போது நெகேமியா ‘பெரிய வேலை நடக்கிறது, பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லவில்லை. கோபம் வந்தது. வந்த கோபத்தோடு பேசாமல் மனதுக்குள் ஆலோசனை பண்ணினார். பெரிய கூட்டம் கூட்டி, பிரபுக்களை எல்லார் முன்னாலும் கேட்டார். கடன் கொடுத்தவர்களின் வரிசையில் தன்னையும் தன் சகோதரரையும் சேர்த்தே சொல்லி, இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்றார்.

ஒரே மனிதர், ஒரே கட்டட வேலை, இரண்டு விதமான குரல். வெளியே நின்று வேலையை நிறுத்தப் பார்த்தவனுக்கு இறங்கிப் போகவில்லை. உள்ளே கல் சுமந்தவன் அழுதபோது அத்தனை பேரையும் கூட்டினார். உங்கள் கொலுசுப் பட்டறை அண்ணன் எந்த அதிகாரத்து ஆள் என்று யோசித்துப் பாருங்கள். கட்டட நிதிக்குப் பணம் கொடுத்தவர், கான்கிரீட் போட்ட அன்று நின்று சட்டி தூக்கியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சன்பல்லாத்துகளும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவன் ஐந்தாம் தடவை முத்திரை போடாத கடிதம் அனுப்பினான், வழியில் எவனும் பிரித்துப் படிக்கட்டும் என்றுதான். இன்றைக்கு அதன் பெயர் ஃபார்வர்டு. நெகேமியா அதற்கும் பதில் சொன்னார், ஒரே ஒரு வரி: நீர் சொல்கிறபடி ஒன்றும் நடக்கவில்லை, இது உம்முடைய கற்பனை. அவ்வளவுதான். பத்துப் பக்கம் மறுப்பு எழுதவில்லை. மொட்டைக் கடுதாசிக்கு அந்த மரியாதைகூட வேண்டாம். மூப்பனுக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்றுக்கொள்ளாதே என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது இதற்குப் பொருந்தும். ஆனால் அடுத்த வசனத்தையும் மறக்கக் கூடாது. பாவம் செய்தது உண்மை என்றால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். முதல் வசனம் மட்டும் நம் ஊழியர்களுக்கு மனப்பாடம்.

பிரசங்கத்தில் ஜாடை பேசாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சனிக்கிழமை குரூப்பில் கேள்வி வரும், ஞாயிற்றுக்கிழமை, மோசேயை எதிர்த்த கோராகைப் பூமி விழுங்கியதைப் பற்றிப் பிரசங்கம் வரும். பெயர் சொல்லமாட்டார், ஆனால் சபை முழுக்க ஒரே பக்கம் திரும்பிப் பார்க்கும். கேட்டவருக்கு எழுந்து பதில் சொல்ல வழியில்லாத ஒரே இடம் அது. அங்கே வைத்து அடிப்பது வீரமில்லை. எங்கள் ஊரில் இதைச் ‘செய்தியிலே (பிரசங்கத்திலே) அடிக்கிறார்’ என்பார்கள். அடி வாங்கியவர் அடுத்த மாதம் அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ வேறு சபையில் இருப்பார். அப்புறம் ‘ஆடு திருடுகிறார்கள்’ என்று பக்கத்துப் பாஸ்டர்மேல் இன்னொரு குறை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தச் சபை என்று சொல்லத் தேவையில்லை. நான் அப்போது கமிட்டியில் இல்லை, பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாதாரண அங்கத்தினன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய், சேவல், வாழைத்தார் எல்லாம் ஏலம் போகும். உற்சாகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்கள் உண்டு. அந்த ஏலப் பாக்கி லிஸ்ட்டைப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் ஒட்டியிருந்தார்கள். கூட்டம் நடுவில் ஒரு பாட்டி எழுந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரசீதை அவிழ்த்துக்கொண்டே, ‘ஏனுங்க, பூசணிக்காய்க்குப் பணம் கட்டிட்டேன், அப்புறம் எதுக்கு என் பேரைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க?’ என்றார். செயலாளர், ‘அம்மா, கூட்டம் முடிஞ்சதும் பேசிக்கலாம்’ என்றார். பாட்டி உட்காரவில்லை. ‘ஒட்டினது எல்லார் முன்னாடியும். பேசறது மட்டும் தனியாவா?’ என்றார்.

அன்றைய பொருளாளர் நல்ல மனுஷன். எழுந்து போய் பீரோவைத் திறந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்து, கார்பன் நகலைப் பாட்டியின் ரசீதோடு மேஜைமேல் வைத்துப் பார்த்தார். ஒரே இனிஷியலில் இரண்டு மேரி. ஒரு மேரி கட்டியதை இன்னொரு மேரியின் பக்கத்தில் வரவு வைத்திருந்தார்கள். ‘அம்மா சொல்றதுதான் சரி’ என்று மைக்கில் சொல்லி, பேனாவால் சுவர் லிஸ்ட்டில் அந்தப் பெயரை அடித்து, மினிட்ஸிலும் எழுதச் சொன்னார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த வருடம் முதல் லிஸ்ட்டில் பெயரோடு தெருப் பெயரும் வந்தது, இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது. பாட்டியின் தொனி எனக்கும் பிடிக்கவில்லை, கொஞ்சம் கூடுதல்தான். தொனியைப் பிடித்துக்கொண்டு பேசியிருந்தால் அந்தக் கூட்டம் சாயங்காலம் வரை போயிருக்கும், மேரி கணக்கு அப்படியே கிடந்திருக்கும்.

அப்போஸ்தலர் 6-உம் இப்படித்தான். கிரேக்கு பாஷை பேசுகிற விதவைகளுக்கு அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், குறைவு வருகிறது என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் முறுமுறுப்பு பாவம் என்று உபதேசம் செய்யவில்லை. ஏழு பேரை நியமிக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன கட்சியின் கையிலேயே சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்கு அதிக நேரம் வேண்டாம். நீங்கள் அதை ‘உபத்திரவம்’ என்று எழுதியிருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. உங்கள் தெருவில் தறி ஓடுகிறது. ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு விடிகாலையில் வந்து படுக்கிறவன் தலைக்குமேல் ஐந்தரை மணிக்கு ஸ்தோத்திரப் பலி ஏறினால் அவன் என்ன செய்வான்? அவன் பேச்சு கிறிஸ்துவைப் பற்றியது இல்லை, தூக்கத்தைப் பற்றியது. சட்டமும் அவன் பக்கம்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிக்கக் கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. சபைக் கண்காணியானவன் புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாக இருக்க வேண்டும் என்பது 1 தீமோத்தேயு 3-இல் உள்ள தகுதிப் பட்டியலில் ஒன்று. சபைக்கு வெளியே இருப்பவன் சொல்லும் குறையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பாக்ஸை வீட்டுக்குள் திருப்பி வைத்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போய், ‘அண்ணா, எந்நேரம் தூங்குவீங்க?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். இதற்கு ஜெபக்குறிப்பு எழுத வேண்டாம்.

ஏற்காட்டுப் பொங்கல் விஷயம் வேறு மாதிரி. இதில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, கருத்துத்தான் வேறு. குறை சொல்கிறவனுக்குப் பதில் வேண்டும், வேறு கருத்து உள்ளவனுக்கு இடம் வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள்.

பவுலுக்கு இதே கேள்வி கொரிந்துவிலிருந்து வந்தது. 1 கொரிந்தியர் 10-இல் அவர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லவில்லை. விக்கிரகக் கோயில் பந்தியில் போய் உட்காராதே. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசி வீட்டுக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சியின் நிமித்தம் சாப்பிடாதே. ரோமர் 14-இல் இன்னும் ஒன்று: புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணாதிருக்கட்டும், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளி என்று தீர்க்காதிருக்கட்டும். உங்கள் இரண்டு கட்சிக்கும் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

என் சொந்த அபிப்பிராயம்: படைத்தது என்று சொல்லித் தரும்போது வாங்காமல் இருப்பது நல்லது. ஆனால் வாங்காமல் இருக்கும் விதம் ஒன்று உண்டு. லயன் வீட்டில் சுவர் ஒன்றுதான், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடி வருவது பொங்கல் கொண்டுவந்த அந்த அக்காதான். நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டு சாயங்கால பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். மறுநாள் அந்த அக்கா முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். அதனால் கீழே இருந்துகொண்டு ஆணை பிறப்பிக்காதீர்கள். மே மாதத் திருவிழாவுக்கு முன்பே ஒருநாள் மேலே போய், இரண்டு கட்சியாரையும் உட்கார வைத்து, அந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்ந்து வாசியுங்கள். வாங்கிச் சாப்பிட்டவரை ஜெபம் ஏறெடுக்கக் கூடாது என்று நீக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

கருத்து ஒத்துப்போகாமலே சேர்ந்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். சேலத்து வரலாற்றையே பாருங்கள். 1827-இல் லண்டன் மிஷன் இங்கே வேலை தொடங்கியது. அவர்கள் காங்கிரிகேஷனல் வழி, சபையார் கூடித்தான் எதையும் முடிவு செய்வார்கள், பேராயர் என்ற பேச்சே கிடையாது. 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தார்கள். 1919-இல் தரங்கம்பாடியில், பேராயர்கள் உள்ள ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) சபையாரோடு ஐக்கியப் பேச்சு தொடங்கியபோது பெரிய முட்டுக்கட்டை இதுதான்: பேராயர் தலைமேல் கை வைத்து அபிஷேகம் செய்யாத போதகர் போதகரா? அந்த வாதம் 28 வருடம் நடந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் எல்லாரும் ஒரே கருத்துக்கு வந்துவிடவில்லை. 30 ஆண்டு இடைக்காலம் வைத்தார்கள். அதுவரை பழைய முறையில் அபிஷேகம் பெற்றவர்கள் அப்படியே தொடரலாம், ஆனால் ஒரு சபையின் மனச்சாட்சிக்கும் வழக்கத்துக்கும் விரோதமான போதகரை அந்தச் சபைமேல் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அதற்கும் ஒப்பாமல் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் வெளியே நின்றார்கள். ஆக, எல்லாருக்கும் திருப்தி கிடைக்கவில்லை, ஆனால் சேர்ந்து நடக்க ஒரு ஏற்பாடு கிடைத்தது. ஒரு தட்டுப் பொங்கலுக்கு அவ்வளவு நாள் ஆகாது.

தரங்கம்பாடியில் முன்நின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவரே 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிமார் முன்னால், நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசினார். நன்றிகெட்ட பேச்சு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் இரண்டே ஆண்டில், 1912-இல், அவரைத்தான் தோர்ணக்கல்லுக்குப் பேராயராக ஏற்படுத்தினார்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் நடந்தது வேறு. அங்கே உபதேசியாராக இருந்த சட்டம்பிள்ளைக்கும் மிஷனரிக்கும் நடந்த சண்டை ஒட்டவே இல்லை. 1857-இல் அவர் தனிச் சபையே தொடங்கிவிட்டார். யார்மேல் எவ்வளவு தப்பு என்று இன்றும் பேசலாம், பிரிந்தது பிரிந்ததுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் குறைக்கும் கருத்துக்கும் பொருந்தும், குற்றத்துக்குப் பொருந்தாது. சபையில், ஹாஸ்டலில், விடுமுறை வேதாகமப் பள்ளியில், ஏற்காட்டு ரிட்ரீட் முகாமில் ஒரு பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்தார்கள் என்று உங்கள் காதுக்கு வந்தால், அங்கே மத்தேயு 18-ஐ எடுக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது, மன்னிக்கச் சொல்வது, மூப்பர்களை வைத்து விசாரிப்பது எதுவும் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் சிறை உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. அண்ணனைக் குரூப்பிலிருந்து நீக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நீக்காதீர்கள். குரூப்பில் நாலு வரி மட்டும் எழுதுங்கள்: அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, கட்டட நிதியின் வரவு செலவை இந்தத் தேதியில் ஆராதனை முடிந்ததும் பில்லோடு வைக்கிறோம், அதுவரை இதைப் பற்றி இங்கே யாரும் பதிவிட வேண்டாம், என்மேல் பரிந்து அண்ணனைப் பேசவும் வேண்டாம். அந்தக் கடைசி வரி முக்கியம். உங்கள் ஆதரவாளர்கள்தான் உங்களுக்கு முதல் தலைவலி. தேதியை நீங்களே குறியுங்கள், ஒரு மாதத்துக்குமேல் தள்ளாதீர்கள்.

அப்புறம் சாயங்காலம் பட்டறை சாத்துகிற நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பெயரில்தான் கணக்கு இருக்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட், கையில் உள்ள பில், பில் இல்லாத செலவுகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துப் போங்கள். பில் இல்லாததை இல்லை என்றே சொல்லுங்கள். அவர் திட்டினால் திட்டி முடிக்கட்டும். முடித்ததும், ‘அண்ணா, இனிமே காணிக்கை எண்ணுகிற இரண்டு பேரில் ஒருவராக நீங்க இருக்கணும்’ என்று கேட்டுவிடுங்கள்.